எல்லையோர ஊரில் லித்தியம் பேட்டரி மறுசுழற்சி ஆலை: குடோனையும் உப்பையும் கேளுங்கள்

நீங்கள் கேட்டதை என் சொற்களில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள், ஒரு தென்னந்தோப்பை வாங்கி லித்தியம் அயன் பேட்டரிகளை மறுசுழற்சி செய்யும் ஆலை வைக்க ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. நாளொன்றுக்கு 10 டன். "புகை கிடையாது, கழிவுநீர் கிடையாது, எல்லாம் மூடிய எந்திரத்துக்குள் நடக்கும்" என்று திரை போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த மாதம் கிராமசபை கூடுகிறது. "ஆதரிப்பதா, எதிர்ப்பதா, இது இன்னொரு பிளாச்சிமடை ஆகுமா?" என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் அதற்கு முந்தைய வரியில், "அவர்கள் பேசுவது எங்களுக்குப் புரியவில்லை, எதைக் கேட்பது என்றே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கே பதில் எழுதுகிறேன். ஆதரவும் எதிர்ப்பும் உங்கள் ஊர் எடுக்க வேண்டிய முடிவு.

நான் வேதிப் பொறியாளர். கோவையில் முலாம் பூசும் பட்டறைகளின் கழிவுநீரோடு பதினெட்டு ஆண்டுகள் மல்லுக்கட்டினேன். அதன் பிறகு பேட்டரி மறுசுழற்சி ஆலைகளுக்கு வரைபடமும் அனுமதிக் கோப்பும் தயாரிக்கும் வேலை. அதாவது, மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன். நான் சொல்வதை அதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள். நான் வழக்கறிஞர் அல்ல. உங்கள் ஊர் நிலத்தையோ அந்த நிறுவனத்தின் திட்ட அறிக்கையையோ பார்த்ததும் இல்லை. ஆகவே இந்த ஆலை நல்லதா கெட்டதா என்று இங்கிருந்தே தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது.

பிளாச்சிமடையை முதலில் பேசிவிடுவோம், ஏனென்றால் கிராமசபையில் யாராவது ஒருவர் அதைத்தான் முதலில் எழுப்புவார். 2000ஆம் ஆண்டு தொடங்கி 2004 மார்ச்சில் நின்றுபோன, பிளாச்சிமடையின் கோகோ கோலா குளிர்பான ஆலையில் பெரிய சண்டை நிலத்தடி நீரை உறிஞ்சியதைப் பற்றியது. மறுசுழற்சி ஆலைக்கு அந்த அளவு தண்ணீர் தேவைப்படாது. அந்த வகையில் ஒப்பீடு பொருந்தாது. ஆனால் அந்தக் கதையில் இன்னொரு பகுதி உண்டு. ஆலையின் கழிவுச் சேற்றை உரம் என்று சொல்லி விவசாயிகளுக்கு லாரியில் அனுப்பினார்கள். 2003இல் பிபிசி வானொலி அதைப் பரிசோதிக்கச் செய்தபோது காட்மியமும் ஈயமும் இருந்தது தெரியவந்தது. புகைபோக்கியையும் வாய்க்காலையும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கேடு முன்வாசல் வழியாக, நல்ல பெயரோடு வெளியே போனது. உங்கள் ஊருக்கு வரும் ஆலையிலும் நான் அஞ்சுவது இதே மாதிரியான இரண்டு இடங்களைத்தான்: உள்ளே வந்து காத்துக்கிடக்கும் பேட்டரி, "துணைப்பொருள்" என்ற பெயரில் வெளியே போகும் உப்பு. நடுவில் ஓடும் எந்திரத்தைப் பற்றி அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி உண்மையாகவே இருக்கும்.

முதலில், ஐயத்துக்கு இடமில்லாத விஷயங்கள். ஒரு செல்லுக்குள் அலுமினியத் தகடு, செம்புத் தகடு, அவற்றின் மேல் பூசிய இரண்டு வகைப் பொடி, நடுவே பிளாஸ்டிக் சவ்வு, இவற்றை நனைத்துக்கொண்டு ஒரு திரவம். பொடிகளில் ஒன்று கிராஃபைட். மற்றொன்றில் லித்தியத்தோடு நிக்கல், கோபால்ட், மாங்கனீசு இருக்கும். அல்லது இரும்பும் பாஸ்பேட்டும் இருக்கும். திரவம் எளிதில் தீப்பற்றும் கரைப்பான். அதில் கரைந்திருக்கும் உப்பின் பெயர் லித்தியம் ஹெக்சாஃபுளூரோபாஸ்பேட். ஈரம் பட்டால் இது சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளூரைடு தரும். பேட்டரி கிழிந்த இடத்தில் நெயில் பாலிஷ் போன்ற இனிப்பு வாசம் வரும். பழைய இரும்புக் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த வாசம் தெரியும், அதன் பெயர்தான் தெரியாது. அந்த வாசம் கரைப்பானுடையது. ஹைட்ரஜன் ஃபுளூரைடோ தோலில் பட்ட உடனே பல நேரம் வலிக்காது, பிறகு உள்ளே இறங்கி எலும்பு வரை போகும்.

இந்தச் செல்களை மீட்கும் வேலை இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டம் உடைப்பது. மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு, நைட்ரஜன் சூழலிலோ தண்ணீர் தெளித்தோ துண்டு துண்டாக்கி, உலர்த்தி, சலித்து, காந்தமும் காற்றும் வைத்துப் பிரிப்பார்கள். செம்பு, அலுமினியம், பிளாஸ்டிக் ஒருபக்கம் போக, மிஞ்சுவது கரும்பொடி. ஆலைக்காரர்கள் "பிளாக் மாஸ்" என்பார்கள். இரண்டாம் கட்டம் அந்தக் கரும்பொடியைக் கந்தக அமிலத்தில் கரைத்து, ஒவ்வொரு உலோகமாகப் பிரித்தெடுப்பது. இதற்குப் பதிலாக 1,400 டிகிரிக்கு மேல் உலையில் உருக்கும் முறையும் உண்டு. அதில் லித்தியமும் அலுமினியமும் கசடோடு போய்விடும், உங்கள் ஊருக்கு வரும் ஆலை அந்த வகையாக இருக்க வாய்ப்புக் குறைவு. எனவே கிராமசபையில் முதல் கேள்வி: முதல் கட்டம் மட்டுமா, இரண்டும் சேர்த்தா? "இப்போதைக்கு முதல் கட்டம் மட்டும்" என்று பதில் வந்தால், அந்த "இப்போதைக்கு" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். உடைப்பதற்கு அனுமதி வாங்கி, இரண்டாண்டு ஓட்டி, பிறகு "விரிவாக்கம்" என்று அமிலத் தொட்டிகளைக் கொண்டுவருவது இந்தத் தொழிலில் வழக்கமான பாதை. நானே இரண்டு கோப்புகளை அப்படி எழுதியிருக்கிறேன். அதில் சட்டமீறல் எதுவும் இல்லை. ஆனால் ஊர் ஒப்புக்கொண்டது வேறு, கடைசியில் வந்து நின்றது வேறு.

இனி குடோன். இந்தத் துறையில் பெரிய தீ விபத்துகள் பல, எந்திரம் ஓடும் இடத்தில் அல்லாமல் பேட்டரி குவித்து வைத்த இடத்தில் நடந்தவை. 2021 ஜூனில் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் மோரிஸ் என்ற ஊரில், கைவிடப்பட்ட பழைய காகித ஆலைக்குள் யாருக்கும் சொல்லாமல் சுமார் 90 டன் லித்தியம் பேட்டரி வைத்திருந்தார்கள். தீப்பற்றியபோது ஆயிரக்கணக்கானோர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. தண்ணீர் அடிக்கப் பயந்து, தீயணைப்பு வீரர்கள் சிமென்ட் மூட்டைகளைக் கொட்டி மூடினார்கள். 2024 பிப்ரவரியில் பிரான்ஸின் விவியே ஊரில் மறுசுழற்சிக்காகக் காத்திருந்த 900 டன் பேட்டரிகள் இருந்த கிடங்கு எரிந்தது. அதே ஆண்டு அக்டோபர் கடைசியில் மிசௌரி மாநிலத்தின் ஃபிரெடெரிக்டவுனில் ஒரு மறுசுழற்சி ஆலையே எரிந்தது. இவை எல்லாம் பணமும் விதிகளும் நம்மைவிட அதிகமாக உள்ள நாடுகளில் நடந்தவை.

உங்கள் ஊர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 10 டன் என்பது ஆலையின் வாய். ஆனால் பேட்டரி நாள்தோறும் 10 டன்னாக வராது. ஒரு வாரம் ஒன்றும் வராது, மறுவாரம் நாலு லாரி வந்து நிற்கும். அபாயக் கழிவுகளைத் தேக்கிவைக்க 2016ஆம் ஆண்டு விதிகளில் 90 நாள் என்ற ஓர் எல்லை இருக்கிறது. அதே அளவுகோலைப் பேட்டரிக்கும் வைத்தால் 900 டன். விவியே கிடங்கின் அளவு சரியாக அதுதான். எந்திரம் பழுதாகி ஒரு மாதம் நின்றால் அதற்கும் மேல். ஆகவே "நாளுக்கு எவ்வளவு" என்ற கேள்வியோடு நிறுத்தாமல், "ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை டன் உங்கள் மதில் சுவருக்குள் இருக்கும், அந்த எண் அனுமதி உத்தரவில் எழுதப்படுமா" என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் பதினைந்து நாள் சரக்கு, அதாவது 150 டன், போதும் என்பேன். இது என் அனுபவக் கணிப்பு மட்டுமே, விதியில் உள்ள எண் அல்ல. அந்த 150 டன்னும் ஒரே கூரையின் கீழ் வேண்டாம். அறைகளாகப் பிரித்து, நடுவில் தீ தாங்கும் சுவர் வைக்க வேண்டும். வீங்கியது, நசுங்கியது, விபத்து வண்டியிலிருந்து வந்தது ஆகியவற்றுக்குத் தனியாக, வெளியே, கூரை மட்டும் போட்ட இடம். நான் வேலை செய்த ஓர் ஆலையில் மழைக்கால இரவு ஒன்றில் ஒரு ஸ்கூட்டர் பேட்டரி புகைந்தது. மணல் நிரப்பிய பீப்பாயில் போட்டு அணைத்தோம், எல்லோரும் டீ குடித்துவிட்டுத் தூங்கப் போனார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் அதே பீப்பாய் மறுபடியும் புகைந்தது. எரிவதற்கு வேண்டிய எரிபொருளும் ஆக்சிஜனின் ஒரு பகுதியும் அந்தச் செல்லுக்குள்ளேயே இருப்பதால், அணைந்ததுபோல் தோன்றுவதை நம்பக் கூடாது.

தீ வந்தால் தண்ணீர்தான் அடிப்பார்கள். மோரிஸில் அஞ்சினாலும், லித்தியம் அயன் பேட்டரியைக் குளிர்விக்கத் தண்ணீர்தான் சரியான மருந்து என்பதே இன்று பரவலான கருத்து. உங்கள் பாலக்காட்டுச் சித்தூரிலிருந்தோ கஞ்சிக்கோட்டிலிருந்தோ தீயணைப்பு வண்டி வருகிறது என்று வையுங்கள். இரண்டு குழாய், குழாய்க்கு நிமிடம் 500 லிட்டர், ஆறு மணி நேரம். 3,60,000 லிட்டர் ஆயிற்று. அந்தத் தண்ணீரில் ஃபுளூரைடும் நிக்கலும் கரைப்பானும் கரிப்பொடியும் இருக்கும். அது எங்கே போகும்? உங்கள் பக்கத்து ஓடைகள் கோரையாற்றிலோ சித்தூர்ப்புழையிலோ சேர்ந்து, கடைசியில் பாரதப்புழைக்குப் போகின்றன. வழியெல்லாம் குடிநீர்த் திட்டங்கள். ஆலை வரைபடத்தில் தீயணைப்பு நீரைத் தேக்கும் தனித் தொட்டி இருக்கிறதா, அதன் கொள்ளளவு என்ன, மழைநீர் வடிகாலை ஒரு திருகில் மூட முடியுமா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியில் திணறும் நிறுவனத்தை நான் நம்ப மாட்டேன். தீயை அணைக்கும் கருவிக்குச் செலவு செய்வார்கள், அது படத்தில் அழகாக இருக்கும். அணைத்த தண்ணீரைப் பிடித்துவைக்கும் வெறுங்குழிக்குச் செலவு செய்ய யாருக்கும் மனம் வராது.

காற்றைப் பற்றி உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்று அந்த ஆலையின் வாசத்தைத் தமிழ்நாட்டுப் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோகும், மார்கழியில் அது திரும்பி உங்கள் மேலேயே வரும். ஒழுங்காக ஓடும் ஆலையில் புகை என்று பெரிதாக இருக்காது என்பது மெய்தான். உலர்த்தும் பகுதியிலிருந்து வரும் ஆவியைக் குளிர்வித்து, காரநீரில் கழுவி, கரியில் வடிகட்டித்தான் விடுவார்கள். ஆனால் கழுவிய நீரிலிருந்து கால்சியம் ஃபுளூரைடு சேறு வரும். அது அபாயக் கழிவாகக் கொச்சிக்குப் பக்கத்தில் அம்பலமேட்டில் உள்ள பொதுக் கழிவு மையத்துக்குப் போக வேண்டும். போனதற்கான ரசீதுத் தொடர் இருக்கும், ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைப் பஞ்சாயத்துக்குக் காட்டச் சொல்லுங்கள். தொழிலாளர் பாதுகாப்பை அளக்க என்னிடம் ஒரு சின்ன உரைகல் இருக்கிறது. முதலுதவிப் பெட்டியில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். ஹைட்ரஜன் ஃபுளூரைடு பட்ட தோலுக்கு முதலில் போட வேண்டியது அதுதான். பல கோடி ரூபாய் எந்திரம் வைத்த இடத்தில் சில நூறு ரூபாய்க் களிம்பு இல்லாததைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது உப்பு. அமிலக் கட்டம் வந்தால்தான் இது பொருந்தும், ஆனால் வந்தால் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. "கழிவுநீர் வெளியேற்றமே இல்லை" என்று சொல்கிறார்களே, அது சாத்தியம்தான். தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்கித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தண்ணீரில் கரைந்திருந்தது ஆவியாகாது. பள்ளிக்கூட வேதியியல் போதும்: நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த பொடி 97 கிலோவைக் கரைக்கக் குறைந்தது 147 கிலோ கந்தக அமிலம் வேண்டும். அந்த அமிலம் முழுவதையும் கடைசியில் காஸ்டிக் சோடாவால் நடுநிலையாக்கினால் 213 கிலோ சோடியம் சல்பேட் பிறக்கும். பொடியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 10 டன் பேட்டரியில் இரண்டரை டன் அந்தப் பொடி என்று வைத்தாலும், நாளுக்கு ஐந்து டன்னைத் தாண்டிய உப்பு. முறைக்கு முறை இது கூடும், குறையும். ஆனால் மூட்டைக் கணக்கில்தான் இருக்கும், கரண்டிக் கணக்கில் இருக்காது.

இதை யார் வாங்குவார்கள் என்று கேட்டால் "சாயப்பட்டறை, சோப்புத்தூள், கண்ணாடி" என்று பட்டியல் சொல்வார்கள். சாயப்பட்டறைக்கு இந்த உப்புத் தேவை என்பது சரி. ஆனால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, அவர்களே தங்கள் கழிவுநீரிலிருந்து உப்பை மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். மீட்க முடியாத கலவை உப்பை என்ன செய்வதென்று தெரியாமல் கொட்டகைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கியும் வைத்திருக்கிறார்கள். அந்தச் சந்தைக்கு, நிக்கலும் லித்தியமும் சிறிது ஒட்டியிருக்கும் இன்னொரு உப்பு போய் நிற்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறதா, யாரோடு, எந்தத் தரத்துக்கு என்று கேளுங்கள். விற்கவில்லை என்றால் எங்கே என்றும் கேளுங்கள். "வயலுக்குப் போடலாம், தென்னைக்கு நல்லது" என்று யாராவது சொன்னால் பிளாச்சிமடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆவியாக்கும் எந்திரத்துக்குப் பதில் வெயிலில் காயவைக்கும் தொட்டி என்று வரைபடத்தில் கண்டால் உடனே நிறுத்துங்கள். உங்கள் பகுதி மழை குறைந்த பகுதி என்பது உண்மை, ஆனாலும் ஜூன் ஜூலையில் தொட்டி காயாது. நான் கணக்குப் போட்டுக் கொடுத்த ஓர் ஆலையில், வேறொரு மாவட்டத்தில், ஆண்டுச் சராசரி ஆவியாதலை வைத்துத் தொட்டி அமைத்தோம். ஜூலையில் ஒரு வாரம் விடாமல் பெய்தது. நான்காம் நாள் இரவு யாரோ மோட்டார் வைத்து ஓடையில் இறைத்துவிட்டார்கள். கணக்குப் பிழை என்னுடையது, சராசரியை வைத்து மழைக்காலத்தை அளந்த பிழை. அதற்குப் பிறகு சூரியத் தொட்டி உள்ள எந்தக் கோப்பிலும் நான் கையெழுத்திட்டதில்லை.

சட்டத்துக்கு வருகிறேன். உறுதியானது முதலில். 2001ஆம் ஆண்டு பேட்டரி விதிகளை நீக்கிவிட்டு 2022 ஆகஸ்டில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. லித்தியம் பேட்டரி முழுமையாக இவற்றுக்குள் வருகிறது. மறுசுழற்சி செய்பவர் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்தாக வேண்டும். மின்வாகன பேட்டரியின் உலர் எடையில் 2024-25இல் 70, 2025-26இல் 80, 2026-27 முதல் 90 விழுக்காடு பொருளை மீட்க வேண்டும் என்று இலக்கு இருக்கிறது. இந்த 90 விழுக்காடுதான் "உடைப்பது மட்டும்" என்று தொடங்குகிறவர்களை அமிலக் கட்டத்தை நோக்கித் தள்ளும் என்பது என் ஊகம். இதோடு 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் ஆகியவற்றின் கீழ் அமைவதற்கு ஒன்று, இயங்குவதற்கு ஒன்று என இரண்டு இசைவுகள். 2016 அபாயக் கழிவு விதிகளின் கீழ் ஓர் அங்கீகாரம். போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் இடத்தேர்வுக் குழு என்ற ஏற்பாடு சேர்க்கப்பட்டது, அந்தக் குழு இந்த இடத்தைப் பார்த்ததா என்பதும் கேட்கத் தக்கது.

ஐயமான இடம் சுற்றுச்சூழல் முன் அனுமதி. 2006 செப்டம்பர் அறிவிக்கையில் "லித்தியம் பேட்டரி மறுசுழற்சி" என்று தனி வரி போட்டு எழுதவில்லை. உடைப்பது மட்டும் என்றால் பெரும்பாலும் அதற்குள் வராது என்று சொல்லிவிடுவார்கள். அமிலத்தில் கரைத்து உலோகம் எடுத்தால், இரும்பல்லாத உலோகத் தொழில் என்ற தலைப்புக்குள் வரும் என்று வாதாட இடம் இருக்கிறது. நான் வாதாடுவேன். ஏன் இது உங்களுக்கு முக்கியம் என்றால், அந்த அறிவிக்கையின் பொது நிபந்தனைப்படி மாநில எல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் வரும் பி பிரிவுத் திட்டம் (மாநில அளவிலேயே முடிவாகும் வகை) ஏ பிரிவாகக் கருதப்பட்டு, மத்திய அமைச்சகத்தின் பார்வைக்குப் போகும். முதலில் 10 கிலோமீட்டராக இருந்து பிறகு குறைக்கப்பட்டது இது. இரண்டு மாநிலங்களும் உடன்பட்டால் தளர்த்தவும் வழி உண்டு. நீங்கள் எல்லையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஆகவே விண்ணப்பத்தில் எந்தத் தலைப்பைப் போட்டிருக்கிறார்கள், எல்லைத் தூரத்தை எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்கள் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். இந்த அறிவிக்கை அடிக்கடி திருத்தப்படுவது, எனவே விண்ணப்பம் போட்ட நாளில் நடப்பில் இருந்த வாசகத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிப் படிப்பது நல்லது.

இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: நிறுவனம் நொடித்துப் போனால்? மறுசுழற்சிக்கு லாபம் கோபால்ட்டிலும் நிக்கலிலும் இருந்து வருகிறது. இன்று நம் ஊர் ஆட்டோக்களிலும் பஸ்களிலும் பெருகிவருவது இரும்பு பாஸ்பேட் வகை. அதில் இரண்டும் இல்லை. உலோக விலை சரிந்தால் பேட்டரி குவியும், ஆலை ஓடாது, பிறகு வாட்ச்மேன் மட்டும் இருப்பார், பிறகு அவரும் இருக்க மாட்டார். 2025-26 பட்ஜெட்டில் லித்தியம் பேட்டரிக் கழிவுக்கு இறக்குமதி வரி நீக்கப்பட்டது, அதே ஆண்டு செப்டம்பரில் மறுசுழற்சிக்கு 1,500 கோடி ரூபாய் ஊக்கத் திட்டமும் வந்தது. தொழிலுக்கு நல்ல செய்திதான். ஆனால் ஊக்கத்தொகைக்காக வருகிறவர்களும் இந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். மிச்சச் சரக்கை அகற்றும் செலவுக்கு ஈடாக வங்கி உத்தரவாதம் வாங்கிக்கொள்ளும்படி வாரியத்திடம் எழுதிக் கேளுங்கள். நிபந்தனைகளுக்கு ஈடாக உத்தரவாதம் வாங்குவது வாரியங்களுக்குப் புதிதல்ல. அந்தத் தொகை, குடோனில் இருக்கலாம் என்று அனுமதித்த டன் கணக்கோடு பொருந்த வேண்டும்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு இதைச் சொல்வது முரணாகத் தெரியலாம். ஆனாலும் இந்த ஆலைகள் எங்காவது வந்துதான் ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் அதே பேட்டரிகள் பழைய இரும்புக் கடையின் பின்புறத்தில் சுத்தியலால் உடைபடும், உடைத்த மிச்சம் குப்பை மேட்டில் எரியும். அதைச் செய்கிற பையனுக்கு முகமூடி கூடக் கிடையாது. எங்கே என்பதுதான் என் தயக்கம். பக்கத்தில் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்பேட்டையே இருக்கும்போது, சாலையும் தீயணைப்பு நிலையமும் அங்கே இருக்கும்போது, தென்னந்தோப்பு நடுவில் ஏன்? நிலம் மலிவு என்பதுதான் பதில் என்றால் அதை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் உங்கள் அக்கா வீட்டுக் கிணறு இருப்பதாகவும், அவர்கள் யாரிடம் முறையிடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. கேரளமும் தமிழ்நாடும் இரண்டும் அதன் எல்லைக்குள் வருவதால், அவர்கள் கேரளத்து அலுவலகங்களுக்கு அலைய வேண்டிய அவசியம் இல்லை. கோயம்புத்தூர் ஆட்சியருக்கு ஒரு மனுவும் போடட்டும், எல்லை நிபந்தனையைக் குறிப்பிட்டு. உங்கள் பக்கத்தில், மனுவை மலையாளத்தில் எழுத ஆள் தேட வேண்டாம். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமை அலுவலகங்களுக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் வர வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கத்தையும் தமிழில் கேளுங்கள். உங்கள் பக்கத்து வடகரப்பதியிலும் எருத்தேம்பதியிலும் பல வீடுகளில் மலையாளம் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் கிராமசபை வரை தள்ளிப்போடாதீர்கள். சித்தூர் தாலுகாவின் கிழக்கில் பாறையிலிருந்தே ஃபுளூரைடு நிலத்தடி நீரில் இறங்குகிறது. பேட்டரி ஆலையில் கசிவு ஏற்பட்டால் வருவதும் ஃபுளூரைடுதான். ஐந்தாண்டு கழித்து உங்கள் கிணற்றில் அது கூடியிருந்தால், "இது இங்கே எப்போதும் இருப்பதுதானே" என்று சொல்லி எழுந்து போய்விடுவார்கள், உங்களிடம் பதில் இருக்காது. ஆகவே அஸ்திவாரக் குழி தோண்டும் முன்பே, எல்லைக்கு இரண்டு பக்கமும் சேர்த்து எட்டுப் பத்துக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் மாதிரி எடுங்கள். கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஃபுளூரைடு, நிக்கல், மாங்கனீசு, கோபால்ட், லித்தியம், சல்பேட், கரைந்த மொத்த உப்பு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தில் ஃபுளூரைடுக்கு 1, வேறு நீர் இல்லாதபோது 1.5 மில்லிகிராம், நிக்கலுக்கு 0.02 மில்லிகிராம் என்று லிட்டருக்கு எல்லை இருக்கிறது. லித்தியத்துக்கும் கோபால்ட்டுக்கும் அந்தத் தரத்தில் எல்லை கிடையாது, ஆனால் அவை இயல்பாக மிகக் குறைவாகவே இருக்கும் என்பதால் பிற்பாடு கசிவைக் காட்டிக்கொடுப்பவை அவைதான். ஃபுளூரைடு மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் எடுக்காதீர்கள், பிளாஸ்டிக் புட்டி வேண்டும். உலோகத்துக்குத் தனிப் புட்டி, அதில் சில துளி நைட்ரிக் அமிலம் ஆய்வகமே போட்டுத் தரும். வார்டு உறுப்பினரையும் நிறுவனத்தின் ஆள் ஒருவரையும் பக்கத்தில் நிறுத்தி, புட்டியின் மேல் மூன்று பேரும் கையெழுத்துப் போடுங்கள். அறிக்கையின் ஒரு படியைப் பஞ்சாயத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள்.